பாட்டுப் பலகையில் ஒரு தவறான எண்

18 ஜூன் 2018, திங்கட்கிழமை
காலை 10.15

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இன்று காலை பத்தேகால் மணி நிலவரப்படி நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் கர்த்தருடைய தயவால் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்ற சொல்லை இந்த வீட்டில் யார் சொன்னால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கடிதத்தின் பின்பகுதியில் உனக்கே விளங்கும், ஆகையால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் உன் பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிட்டு வரிசையாகப் படி. உன் கடிதம் மே 30 புதன்கிழமை கிடைத்தது. வழக்கம்போல் நீ தேதி போடவில்லை, உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரை மே 21 என்கிறது. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று இடங்களில் என் முட்டியைப் பற்றி விசாரித்து, மாடிப்படி ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். என் முட்டிக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் வந்ததில்லை. ஆறு வருடமாக டிசம்பரில் மட்டுமே வந்துகொண்டிருந்தவள் இந்த வருடம் ஆகஸ்டில் விடுப்பு எடுத்து வருவதாகவும் எழுதியிருக்கிறாய், காரணம் எழுதவில்லை. இவை இரண்டையும் நான் குறித்துக்கொண்டேன் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன். தொலைபேசியில் இதையெல்லாம் பேசலாமே என்பாய். நீயும் உன் அம்மாவும் முக்கால் மணி நேரம் பேசி முடித்த பிறகு என் காதுக்கு வருவது கடைசி அரை நிமிடம், அதிலும் பாதி பேரன் சாப்பிட்டானா என்பதிலேயே போய்விடுகிறது, ஆகவே கடிதம்.

வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. குளியலறைக் குழாய் ஏப்ரல் 3 முதல் சொட்டியது, குழாய் ரிப்பேர்காரர் மூன்று முறை நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி நான்காம் நாளைக்கு வந்தார், இப்போது சொட்டுவது நின்று கசிகிறது. பிப்ரவரி 12 திங்கட்கிழமை நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த ஒரு மணி நேரத்துக்குள் உன் அம்மா இரண்டு ஆட்களைப் பிடித்து என் எழுத்து மேசையை மாடி அறையிலிருந்து கீழ் அறைக்கு இறக்கிவிட்டாள். கேட்டதற்கு, "கீழதாங்க வெளிச்சம் நல்லா வருது" என்றாள். கீழ் அறையின் ஒரே சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது, அதில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மாடிக்குப் படிகள் பதினான்கு. முப்பத்தொரு வருடம் ஏறி இறங்கிய படிகள். இந்த ஜனவரி முதல் பத்தாவது படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்பது உண்மை, அதற்குக் காரணம் கொத்தனார் அந்தப் படியை அரை அங்குலம் உயரமாகக் கட்டியதுதான், அளந்து பார்த்திருக்கிறேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொல்வாய். 1965 ஜூன் 14 முதல் 1998 ஜூலை 31 வரை தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைத்த ஆய்வாளன் வேறு எப்படி இருப்பான்? கடைக்காரர் சிரித்த முகத்தோடு சரியா இருக்கு சார் என்று சொல்லும்போதுதான் கல்லைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பணி கற்றுக்கொடுத்த பாடம். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், 1998 ஆகஸ்ட் 2 ஞாயிறன்று, ஆலயத்தின் பாட்டுப் பலகையை என்னிடம் ஒப்படைத்தார்கள். உனக்கு அந்தப் பலகை நினைவிருக்கும், பீடத்துக்கு வலப்புறச் சுவரில் நான்கு வரிப்பள்ளங்களோடு தொங்குவது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பாட்டு வாத்தியார் நான்கு பாட்டு எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார், நான் பக்கத்து அறையில் மரப்பெட்டியிலிருக்கும் எண் வில்லைகளை எடுத்துப் பள்ளங்களில் செருகுவேன். நம் ஆலயத்தில் பாட்டை யாரும் வாய்விட்டு அறிவிப்பதில்லை, பலகையில் உள்ளதே பாட்டு, பாட்டு வாத்தியார் உட்பட எல்லாரும் பலகையைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இந்த இருபது வருடத்தில் ஒரு எண்கூடத் தவறியதில்லை. ஒவ்வொரு வாரப் பாட்டையும் தேதியோடு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். உன் அம்மா அதைப் பார்த்து, "அந்த நோட்டைக் கர்த்தர்கூடப் படிக்க மாட்டார்" என்பாள்.

அந்த நோட்டுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நம் பாட்டுப் புத்தகத்தில் 281 முதல் 309 வரையுள்ள இருபத்தொன்பது பாடல்களும் பரலோகத்தைப் பற்றியவை. 2017ஆம் வருடம் முழுவதும் ஞாயிறு ஆராதனையில் அந்தப் பகுதியிலிருந்து பாடியவை ஐந்து. இந்த வருடம் பிப்ரவரி 25இல் ஒன்று வந்தது. மார்ச் 4இல் ஒன்று, 11இல் ஒன்று, 18இல் ஒன்று. அவை லெந்து நாட்கள், இயேசு பட்ட பாடுகளைத் தியானிக்க வேண்டிய காலத்தில் கைதட்டிக்கொண்டு பொன்வீதியில் நடக்கிறோம். ஜூன் 10 வரை கணக்கிட்டால் பதினாறு ஞாயிறுகளில் பதினான்கில் பரலோகப் பாட்டு, அதுவும் தவறாமல் நான்காவது பள்ளத்தில், பிரசங்கத்துக்குப் பிறகு, மனிதன் இளகியிருக்கும் நேரத்தில். எனக்கு உடனே சந்தேகம் போனது பாட்டு வாத்தியார் மீது. வயது முப்பத்தைந்துகூட இராது, மின்னிசை விசைப்பலகையும் ஒரு டிரம்மும் கொண்டுவந்து, ஆடாமல் அசையாமல் பாடிக்கொண்டிருந்த கூட்டத்தைத் தோளாட்டிப் பாட வைத்தவர். மார்ச் 17 சனியன்று சீட்டு வாங்கும்போது நேரிலேயே கேட்டேன், என்ன தம்பி, ஊரோடு அங்கே குடிபோகிறோமா என்று. அவர் விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "கேக்கறவங்க கேக்கறாங்க ஐயா, நான் வாசிக்கிறேன்" என்றார். கேட்பவர் யார் என்றதற்குத் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பதிலைத் தவிர்க்கும் கடைக்காரர்கள் இப்படித்தான் தராசுத் தட்டைத் துடைப்பார்கள்.

கேட்பவர் யாராக இருந்தாலும் சரக்கைச் சோதிப்பது என் கடமை என்று அந்த வாரமே தொடங்கி, பாட்டு வர வர அந்தப் பதினான்கையும் வரி வரியாகப் படித்து, பரலோகம் எப்படிப்பட்டது என்று அவை சொல்வதை ஒரு தாளில் பத்தி பிரித்து எழுதினேன். மகளே, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு பாட்டில் நதியைக் கடந்துதான் நகரத்துக்குள் போக வேண்டும், இன்னொன்றில் நதி நகரத்தின் நடுவே ஓடுகிறது. ஒரு பாட்டில் ஆளுக்கொரு வீடு ஆயத்தமாக இருக்கிறது, அடுத்த பாட்டில் எல்லாரும் சிங்காசனத்தின் முன் எப்போதும் நிற்கிறார்கள், அப்படியானால் வீட்டில் இருப்பவர் யார்? இளைப்பாறுதல் என்று நான்கு பாட்டு சொல்கிறது, இரவே கிடையாது என்று மூன்று சொல்கிறது, இரவில்லாமல் இளைப்பாறிய மனிதனை நான் கண்டதில்லை. தங்கத்தில் வீதி போட்டால் கால் வழுக்குமே என்ற என் ஐயத்தை, கீழ்க்குரலில் பாடுகிற மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன், அவர் குரலுக்காக எல்லாரும் இடி என்று கூப்பிடுவார்களே, அவரிடம். "வழுக்கினா வழுக்கட்டும்யா, அங்க எலும்பு முறியாதே. என் கடைய மூடிட்டுத்தான் நான் போறேன்" என்றார். உன் அம்மாவிடம் தாளைக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "நீங்க போய் இறங்கினதுமே மொத்தத்துக்கும் முத்திரை வெக்கலாமா வேண்டாமான்னுதான் பாப்பீங்க. பாவம், வாசல்ல நிக்கறவரு" என்று சிரித்தாள், சிரித்த கையோடு அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள், அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

என்னை உண்மையில் தடுமாற வைத்தது வழுக்குவதும் நதியும் அல்ல. எண்ணி முடியாத கூட்டம் என்கிறது 288. எல்லாருக்கும் வெள்ளை உடை என்கிறது 291. எல்லாரும் ஒரே குரலாய்ப் பாடுவார்கள் என்பதில் மட்டும் பதினான்கில் ஒன்பது ஒத்துப்போகின்றன. இருபத்தொன்பதில் ஒன்றில்கூடக் கணவன், மனைவி என்ற பேச்சு இல்லை. அத்தனை பேரும் ஒரே உடையில் ஒரே குரலில் நின்றால் நம்மவர்களை எதை வைத்து அடையாளம் காண்பது? இதையும் பாட்டு வாத்தியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், அங்கே எல்லாரும் பிழையில்லாமல் பாடுவார்களா என்று. "ஆமா ஐயா, சுருதி சேரும், தாளம் சேரும், இங்க இருக்கிற குறை எல்லாம் அங்க சரியாயிடும், அதானே பரலோகம்" என்றார். அன்றைக்கு அது எனக்கு உகந்த ஏற்பாடாகவே பட்டது. உன் அம்மா பாடல் குழுவில் பாடத் தொடங்கிய நாளிலிருந்து மற்றவர்களைவிட அரைத்தாளம் பிந்தித்தான் எடுப்பாள் என்பது உனக்குத் தெரியும், நாற்பத்தாறு வருடமாக நான் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதைச் சொல்லி, அவளும் அடுத்த வாரம் பாருங்கள் என்று சொல்லி, ஒரு வாரமும் அது திருந்தவில்லை. மேலேயாவது திருந்தட்டும் என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன், தேதி மார்ச் 24.

ஏப்ரல் 14 சனிக்கிழமை சீட்டில் நான்காவது எண் 294 என்றிருந்தது. பாட்டு வாத்தியார் நான்கை மேலே மூடி எழுதுபவர், இது மேலே திறந்திருந்தது. நாற்பத்தாறு வருடமாகப் பால் கணக்கு முதல் உன் பிறந்த எடை வரை அந்தத் திறந்த நான்கைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான், அது உன் அம்மாவின் எழுத்து. கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்பது தெரிந்துவிட்டது, எதற்கு என்பதுதான் தெரியவில்லை. பரலோகத்தைப் பற்றி வாராவாரம் பாட வேண்டும் என்று ஒரு பெண்மணிக்கு எதற்காகத் தோன்றும்? எனக்குத் தோன்றிய பதில் ஒன்றே ஒன்று, அதை எழுதவே கை வரவில்லை, உனக்கும் அது புரிந்திருக்கும். அவளுக்கு ஏதோ நோய், அதை என்னிடம் மறைக்கிறாள். மே 9 புதன்கிழமை தையல்காரரிடம் போகிறேன் என்று சொல்லிப் போனவள் துணியில்லாமல் போனாள், துணியில்லாமல் வந்தாள், கைப்பையில் மட்டும் ஒரு நீல நிறக் கோப்பின் முனை தெரிந்தது. அன்று முதல் நான் தூங்கிய நேரம் குறைவு. என்னால் செய்ய முடிந்த சோதனை ஒன்றுதான், குளியலறையில் இருக்கும் எடைக் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவளை அதன்மேல் நிற்க வைத்தேன். மே 10இல் 61.4, மே 17இல் 61.6, மே 24இல் 61.9. மூன்றாவது வாரம், "என்னங்க, என்னைய எதுக்கு வாராவாரம் நிறுக்கறீங்க, விக்கப் போறீங்களா?" என்றாள். நோயாளி எடை கூடுவாளா என்ற குழப்பத்தோடு 61.9ஐ நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 2 சனிக்கிழமை சீட்டு வாங்கப் போனபோது பாடல் குழுவின் பயிற்சி முடியவில்லை. பக்கத்து அறையில் வில்லைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், நடுக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில் உன் அம்மா பாட்டு வாத்தியாரிடம், "தம்பி, இந்தப் பாட்டை இன்னும் கொஞ்சம் மெதுவா எடுங்க. அவருக்கு வார்த்தை வார்த்தையா காதுல விழணும். எதையும் திடீர்னு சொன்னா அவருக்கு ஆகாது. புதுச் செருப்பையே ஒரு வாரம் வீட்டுக்குள்ள போட்டு நடந்து பாத்துட்டுத்தான் வெளிய போடுவார். இதையும் அப்படித்தான் கொஞ்சங் கொஞ்சமா பழக்கணும்" என்றாள். அவர், எத்தனை நாள்தான் இப்படியே ஓட்டுவீங்கம்மா, ஐயாகிட்ட சொல்லிடுங்களேன் என்றார். "சொன்னா அவர் தாங்குவார் தம்பி. நான்தான் சொல்லி முடிக்க மாட்டேன்" என்றாள். கையிலிருந்த வில்லை கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன், அது ஒன்பதாம் எண். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி இருபது நிமிடம்.

ஜூன் 5 செவ்வாய்க்கிழமை, நூலகத்துக்குப் போகிறேன் என்று நானும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவளுக்கு என்ன நோய் என்று கேட்க, எங்களுக்குத் தெரிந்த இதய மருத்துவரிடம் தனியாகப் போனேன். மாடியில் மூச்சு வாங்குகிறது என்று பிப்ரவரி 6இல் எனக்கு ஒலியலைச் சோதனை எடுத்தார்களே, 8ஆம் தேதி வியாழனன்று முடிவு சொன்னார்களே, அதே மருத்துவர். அவர் என்னைப் பார்த்து, "என்ன சார், உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கே அம்மாகிட்ட எல்லாம் விவரமா சொன்னேனே. நீங்க வெளிய நர்ஸோட ஏதோ சண்டை போட்டுட்டிருந்தீங்க" என்றார். சண்டை இல்லை. பிப்ரவரி 8 அன்று காத்திருக்கும் அறையில் என்னை எடை பார்த்த கருவி உண்மை எடையைவிட எழுநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது, அதை நான் செவிலியருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டி இருபது நிமிடம் விளக்கினேன். எங்கள் முறை வந்து கூப்பிட்டபோது, நீ போய்க் கேட்டுக்கொண்டு வா என்று உன் அம்மாவை அனுப்பியவனும் நான்தான். அவள் வெளியே வந்து, "எல்லாம் சரியா இருக்காம், வாங்க போகலாம்" என்றாள், நானும் நாட்குறிப்பில் எல்லாம் சரி என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன். முப்பத்துமூன்று வருடப் பணியில் எதிராளி சொன்னதை எழுதிக்கொண்டு கல்லைப் புரட்டிப் பார்க்காமல் முத்திரை வைத்ததில்லை, என் சொந்த இதயத்துக்கு வைத்திருக்கிறேன். அதன் வால்வு ஒன்று மிகவும் சுருங்கிவிட்டதாம். சிறுநீரகம் இருக்கும் நிலையில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோவது ஆபத்து என்று இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து முடிவு செய்தார்களாம், மே 9 அன்று நீலக் கோப்போடு உன் அம்மா போனது அந்த இரண்டாமவரிடம்தானாம். ஒரு வருடம், கவனமாக இருந்தால் ஒன்றரை வருடம் என்றார். எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று கேட்டேன், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது அந்தக் கருவியைப் பார்த்தேன், இன்னும் எழுநூறு கிராம் கூடுதலாகத்தான் காட்டுகிறது.

இதை உனக்கு உள்ளபடி எழுத வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவள் இல்லை, நான்தான். நான்கு வாரமாக நெஞ்சில் இருந்த பாறை இறங்கியது, படி இறங்கும்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது. அப்புறம் உன் நினைவும் வந்தது. உங்க மகளும் போன்ல எல்லாம் கேட்டுக்கிட்டாங்க என்று மருத்துவர் வாய்தவறிச் சொன்னார், தேதி கேட்டேன், பிப்ரவரி 10 என்று குறிப்பைப் பார்த்துச் சொன்னார். மேசை இறங்கியது 12ஆம் தேதி. ஆக, இல்லாத முட்டிவலிக்கு நீ நான்கு மாதமாக வருத்தப்பட்டிருக்கிறாய். கோபம் வந்தது, மறைக்கவில்லை, இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் உன் கடிதத்தை எடுத்து, முட்டி என்று எழுதியிருக்கும் மூன்று இடங்களையும் மறுபடி படித்தேன். இரண்டாவது இடத்தில் மை பரவியிருக்கிறது. அது ஈரம் பட்டுப் பரவிய மை, முதலில் படித்தபோது நான் அதை உன் பேனாவின் குறை என்று நினைத்துவிட்டேன். கோபம் அதோடு போயிற்று.

உன் அம்மாவிடம் எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது என்பது பத்து நாள் யோசனையாக இருந்தது. அவளால் சொல்லி முடிக்க முடியாததை நான் எப்படித் தொடங்குவேன்? இடையில் ஒரு ஞாயிறு போனது, அவள் கேட்ட பாட்டையே செருகினேன். நேற்று முன்தினம், ஜூன் 16 சனிக்கிழமை, சீட்டில் நான்காவது எண் 285 என்றிருந்தது. நான் 285க்கு வேண்டிய வில்லைகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு 303 என்று செருகினேன். 303 எது என்று உனக்குத் தெரியாது. 1971 ஆகஸ்ட் 8 ஞாயிறு, நான் மாற்றலாகி வந்த புதிது, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், முன்னால் இருபத்திரண்டு பேர் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். கரை சேர்ந்தவர்கள் அக்கரையில் நின்று பாடுகிறார்கள், இக்கரையில் இருப்பவர்களுக்கு அது காற்றில் கேட்கிறது என்பது பாட்டின் பொருள். இருபத்தொரு குரல்கள் ஒன்றாக எடுத்தன, ஒரு குரல் அரைத்தாளம் கழித்து வந்தது. யாரது ஒழுங்கில்லாமல் என்று தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அப்படித்தான் நான் உன் அம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். அதை அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இத்தனை வாரமாகப் பரலோகப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தவள் அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை, ஏன் என்று இப்போது புரிகிறது.

நேற்று பிரசங்கம் முடிந்தது, எல்லாரும் பலகையைப் பார்த்துப் புத்தகத்தைத் திறந்தார்கள். பாட்டு வாத்தியார் தன் சீட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பலகையில் உள்ளதே பாட்டு என்பதால் 303ஐ வாசிக்கத் தொடங்கினார். இடி கீழ்க்குரலைப் பிடித்தார். உன் அம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை, பலகையைப் பார்த்தபடி நின்றாள், முதல் அடி முழுவதும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்றாம் வரிசையில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினாள். இரண்டாவது அடியில் சேர்ந்தாள். வீட்டுக்கு நடந்து வந்தோம். மருந்துக்கடை தாண்டிய பிறகு, "நம்பரைத் தப்பா போட்டுட்டீங்க" என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவை என்றேன். "எப்பத் தெரியும்?" என்றாள். மருத்துவர் சொன்னது ஜூன் 5, நீ எதையோ மறைப்பது உறுதியானது ஜூன் 2 சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து இருபது என்றேன். அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அஞ்சு இருபதுதானா, இருபத்தொண்ணு இல்லையே?" என்று கேட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். மீதி வழியெல்லாம் மெதுவாக நடந்தோம், மெதுவாக நடப்பதற்கு இனி யாரும் காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆகையால் நீயும் இனி முட்டியை விட்டுவிட்டு இதயத்தைப் பற்றியே எழுதலாம். ஆகஸ்டில் கட்டாயம் வா, பேரனையும் கூட்டிக்கொண்டு வா, அவன் பள்ளிக்கூடம் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதே, டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம், டிசம்பர் வரை இருக்கும் எண்ணம் எனக்கு உண்டு. நான் போன பிறகு உன் அம்மாவைத் தனியாக விடாதே என்று எழுத நினைத்தேன், அதை உனக்குச் சொல்லத் தேவையில்லை என்பதால் எழுதவில்லை. பலகை வேலையை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை, இடி கேட்கிறார், ஆனால் அவருக்கு ஆறும் ஒன்பதும் தலைகீழாகிவிடும்.

பரலோகத்தைப் பற்றிய என் சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன, உன் அம்மாவின் பதினான்கு பாட்டும் நதியின் இருப்பிடத்தைக்கூடத் தீர்க்கவில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும், சரியாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். ஒரே ஒரு வரியை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன், இங்கிருக்கும் குறை எல்லாம் அங்கே சரியாகிவிடும் என்பதை. மார்ச் 24 அன்று தாளின் ஓரத்தில் எழுதியதை நேற்று மாலை அடித்துவிட்டுத் தேதி போட்டேன். முதலில் போய்ச் சேரப்போகிறவன் நான். எண்ண முடியாத கூட்டத்தில், எல்லாரும் வெள்ளை உடுத்தி நிற்கும் இடத்தில், பின்னால் வரப்போகிற ஒருத்தியை நான் வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? மற்ற எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளட்டும், அந்த அரைத்தாளத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிழைக்காக ஜெபித்திருக்கிறேன்.

பயணச்சீட்டு எடுத்ததும் வந்து சேரும் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுது. சீக்கிரம் வருகிறேன் என்பது தேதி அல்ல. கடிதத்தின் மேல் தேதி போட இனியாவது பழகு. உன்னையும் மாப்பிள்ளையையும் பேரனையும் கர்த்தர் கண்ணின் மணிபோல் காப்பாராக, உங்கள் வீட்டில் பொய் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வராதிருப்பதாக.

இப்போது மணி பன்னிரண்டு ஐந்து. பாட்டு வாத்தியார் அனுப்பிய இசையைக் கைபேசியில் ஓடவிட்டு உன் அம்மா அடுப்படியில் அடுத்த வாரப் பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். இசை முன்னால் போகிறது, அவள் அரைத்தாளம் பின்னால் வருகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா